கீழ் வரிசையில் மாட்டிய ஒயர்

ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வீடு வந்து சேரும்போது காலை எட்டரை ஆகிவிடும். மூன்றாவது மாடி ஏறுவதற்கு முன்பே, கீழ்ப்படியிலேயே எங்கள் வீட்டு டிவி சத்தம் கேட்கும். செய்தி வாசிக்கிறவர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே வாசித்துக்கொண்டிருப்பார்.

என் மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்ஜின் இரைச்சலிலும் தன் சொந்த விசிலிலும் காதைப் பறிகொடுத்தார். நான் உள்ளே நுழைந்ததும், "வாம்மா, கடைசி டிரிப்பா? சீட் எல்லாம் காலிதான்" என்பார். என் கணவருக்குக் கப்பலில் வேலை, ஒன்பது மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். வீட்டில் நானும் மாமாவும் மட்டும்.

நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரமாகியிருந்தது. பகலில் தூங்கினால்தான் ராத்திரி வார்டில் நிற்க முடியும். அந்தச் சத்தத்தில் எங்கே தூங்குவது? ஒருநாள் நாலாம் பெட்டுக்குப் போட வேண்டிய மருந்தை ஐந்தாம் பெட்டில் தொங்கவிட்டுவிட்டேன். ஒரு சொட்டு இறங்குவதற்குள் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வேலை போனால் போகட்டும், ஒரு உயிர் போயிருந்தால் நான் என்ன செய்வேன்?

மறுநாள் வரும் வழியிலேயே எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், எங்கள் டிவிக்கு ஹெட்போன் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "பழைய பெட்டி டிவியா? அதுல ஹெட்போன் சொருக இடமே இருக்காதே." பிறகு ஒரு பெரிய ஹெட்போனோடு ஒரு ஒயரையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின், மறுமுனையில் ஹெட்போனுக்கான துளை. "டிவிக்குப் பின்னாடி அவுட்னு எழுதியிருக்கிற ஜோடியில மாட்டுங்க. ரிமோட்ல சத்தத்தை அமுக்கிடுங்க. அவ்வளவுதான்."

டிவிக்குப் பின்னால் இரண்டு வரிசை இருந்தது. இரண்டிலும் சிவப்பு, வெள்ளை. சுவருக்குப் பெயின்ட் அடித்த புண்ணியவான் டிவியின் முதுகுக்கும் சேர்த்து அடித்திருந்தான், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டிய கீழ் வரிசையில் சொருகினேன். டிவி சத்தத்தை அமுக்கிவிட்டு, பெரிய ஹெட்போனை மாமா தலையில் மாட்டினேன்.

"கேக்குதா மாமா?" என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அருமையா கேக்குதும்மா. நீ போய்ப் படு."

வார்டில் ஒவ்வொரு மருந்து பாட்டிலையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் நான். அன்று அந்த ஹெட்போனை ஒரு தடவைகூட என் காதில் வைத்துப் பார்க்கவில்லை. போய்ப் படுத்து, அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஹாலில் யாரோ பேசுவது கேட்டுக் கண் விழித்தேன். மாமாதான். ஆனால் குரல் தணிந்திருந்தது. அவர் குரலைத் தணித்துப் பேசி நான் கேட்டதே கிடையாது.

"இல்ல... ஒருத்திதான்... ஆமா, தூங்குறா."

செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுகிறார் என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் தூக்கத்தில் என் வலது காதுக்குள் சூடாக ஒரு மூச்சு விழுந்தது.

ஒயர் கருகுகிற மாதிரி ஒரு வாடை.

துள்ளி எழுந்தேன். தலையணையில் ஒரு பொட்டு ரத்தம். அறை வாசலில் மாமா நின்றிருந்தார், குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் ஓடி வந்ததுபோல, துண்டும் ஈரமுமாக. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பக்கத்தில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பி ஹாலுக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்" என்று யாரிடமோ சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அதைக் கழற்றவே இல்லை.

சாப்பிட மறுத்தார். "மென்னா சரியா கேக்காதும்மா" என்றார். பாலை மட்டும் இரண்டு வாய் விழுங்குவார். படுப்பதில்லை. காதைச் சுற்றித் தோல் வழண்டு புண்ணாகிவிட்டது. மருந்து போடக்கூட விடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று இழுத்தால் டிவி ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திட்டினேன், அழுதேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தினமும் அவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். தினமும் அது கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பதினோராம் நாள் சாயங்காலம் டிவி மெக்கானிக்கை வரவழைத்தேன். டிவி கெட்டுப்போய்விட்டது என்று அவர் வாயால் சொன்னால் மாமா விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. மெக்கானிக் பின்பக்கம் குனிந்து ஸ்க்ரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினார்.

"யாரும்மா இத மாட்டினது?"

"நான்தான்."

"இது உள்ள வாங்குற ஓட்டைம்மா. அவுட் மேல இருக்கு. இதுல மாட்டினா ஹெட்போன்ல ஒரு பொட்டுச் சத்தம் வராது. அதுவே மைக் மாதிரி ஆயிடும். இவர் பேசுறதுதான் டிவிக்குள்ள போகும்." கொஞ்சம் யோசித்தார். "இத்தனை நாளா ஐயா எதைக் கேட்டுக்கிட்டு இருந்தாரு?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

மெக்கானிக் இரண்டு பின்னையும் பிடுங்கினார். ஒயர் தரையில் விழுந்து கிடந்தது. மாமாவின் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"இருக்கேன். எங்கயும் போகல" என்றார்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே குனிந்து, மாமாவின் ஹெட்போன் மேல் தன் காதை வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. கருவிகளை அள்ளிப் பையில் போட்டார். வாசலில் போய்த்தான் வாயைத் திறந்தார்.

"யார் தூங்குறாங்கன்னு உள்ள இருந்து ஏதோ கேக்குது. ஐயா குரல்லயே கேக்குதும்மா."

அவர் படியில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் மாமா முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி, அவர் காதுக்குள் உரக்க, "என்ன மாமா இது?" என்றேன்.

அவர் கிசுகிசுத்தார். "முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே கேக்கலம்மா."

"அப்ப ஏன் அருமையா கேக்குதுன்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். நின்னுக்கிட்டே தூங்குன. படம்தான் ஓடுதே, சத்தம் எதுக்குன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "மூணாம் நாள் யாரோ மூச்சு விடுற சத்தம். நானே பேச்சுக் கொடுத்தேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வீட்ல யாரு தூங்குறாங்கன்னு கேட்டுச்சு. என் மருமகள்னு உளறிட்டேன்."

நான் ஹெட்போனைக் கழற்றக் கை நீட்டினேன்.

"கழட்டினா உங்கிட்ட வருது. குளிக்கப் போனப்பப் பாத்தேனே. நான் பேசிக்கிட்டே இருந்தா எங்கூடவே இருக்கும். நீ போய்த் தூங்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நாடி நூல்போல ஓடியது. இன்னும் ஒரு ராத்திரி தாங்காது. அதை எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்போனை இழுத்து என் தலையில் மாட்டிக்கொண்டேன்.

அவருக்குத் தடுக்கத் தெம்பில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

என் காதில் மாமாவின் குரல் கேட்டது, சாவகாசமாக.

"இப்ப யார் தூங்குறாங்க?"

"யாரும் தூங்கல" என்றேன். "நான் இருக்கேன்."

நான் மாட்டிக்கொண்டு இன்று நாலாம் நாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மாமா எழுந்து நடமாடுகிறார், ரொட்டி சாப்பிடுகிறார். என்னைப் பார்த்துப் பார்த்து அழுகிறார், திருப்பிக் கொடு என்கிறார். நான் கொடுக்க மாட்டேன். இரண்டாம் நாளிலிருந்து அது என் குரலில் பேசுகிறது. கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எனக்கு ஒரு கணவர் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. அந்தப் பேச்சை நான் எடுப்பதே இல்லை.

சற்று முன் என் கணவர் போன் செய்தார். இடது பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, வலது காதை மூடியபடியே பேசினேன்.

"என்ன, குரலே சரியில்ல?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. கொஞ்சம் அசதி."

"நேத்து நீ பேசினப்ப நல்லாத்தானே இருந்த?"

"நேத்தா?"

"ஆமா, மத்தியானம். எத்தனை மணிக்குப் படுப்பீங்க, கேபின்ல தனியாவான்னு துருவித் துருவிக் கேட்டியே. போனைக் காதுகிட்டயே வச்சுக்கிட்டுத் தூங்குங்கன்னு சொன்ன. சரின்னு அப்படியே படுத்துக்கிட்டுதான் பேசுறேன். இப்பக்கூடக் கண்ணைச் சொருகுது."

"தூங்காதீங்க" என்றேன். "எழுந்து உக்காருங்க. தயவுசெஞ்சு எழுந்திருங்க."

போனில் அவர் ஆழ்ந்து மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். என் வலது காதில் நாலு நாளாக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தது.