வால் இல்லாத காற்றாலை

அந்தக் காற்றாலையை வாலுவின் அம்மாதான் செய்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. மூன்று இறக்கை, பின்னால் ஒரு தகர வால். மொட்டைமாடியில் சுற்றி, மாடிப்படி விளக்குகள் ஐந்தையும் எரியவைத்தது.

ஆனால் பகலெல்லாம் ‘கிறீச், டொங்’ என்று கத்தியது. நேர் கீழே நர்ஸ் அக்காவின் படுக்கையறை. இரவு வேலை பார்ப்பவர் பகலில்தானே தூங்க முடியும்? மூன்று வாரமாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. இந்தத் தூக்கக் கலக்கத்தில் ஊசி போடவே பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதேவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காற்றாலையைக் கழற்றிவிடும்படி குடியிருப்புச் செயலாளர் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அம்மாவுக்கு ஒரே மகள். வயது பத்து. செய்கிற சேட்டைக்கு எல்லோரும் வைத்த பெயர் வாலு. நர்ஸ் அக்காவும் தூங்க வேண்டும், காற்றாலையும் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

பள்ளி விட்டதும் மாடியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். இறக்கைகள் சமர்த்தாகத்தான் சுற்றின. கத்தியது வால். காற்று வரும் பக்கம் இறக்கையைத் திருப்பிவிடுவது அதன் வேலை. அதுவோ இடமும் வலமும் அலைந்து, ஒவ்வொரு தடவையும் தடுப்புக் கம்பியில் இடித்துக்கொண்டது.

வாலு தன் ரிப்பன்கள் நான்கை மாடியின் நான்கு மூலைகளிலும் கட்டினாள். நான்கும் நான்கு பக்கம் பறந்தன. சுற்றிலும் உயரக் கட்டடங்கள். காற்று முட்டி மோதிக் குழம்பி வந்தது. அம்மாவை இழுத்துவந்து காட்டினாள்.

“எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியாம வால் திண்டாடுதும்மா. வால் இல்லாம செய்ய முடியாதா?”

“வீட்டுலயும் ஒரு வாலு இல்லாம இருந்தா நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் அம்மா. ஆனால் ரிப்பன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை பட்டறையில் ஒரு பழைய பீப்பாயை நெடுக்காக இரண்டாக அறுத்தாள். ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமும் வாய் திறந்திருக்கும்படி, நட்டுக்குத்தாக நின்ற கம்பத்தில் பொருத்தினாள். காற்று எங்கிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு வாய்க்குள் புகுந்து தள்ளும். திரும்பவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பழையதை இறக்கிப் புதியதை மாடியில் ஏற்றினார்கள். அது மெதுவாகத்தான் சுற்றியது. நான்கு விளக்குகளுக்குத்தான் மின்சாரம் வந்தது. தங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள படி விளக்கை விட்டுவிடலாம் என்று வாலு சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை மருத்துவமனை வேன் கீழே ஹாரன் அடித்தபடி நின்றது. நர்ஸ் அக்காவைக் காணோம். வாலு போய்க் கதவைத் தட்டினாள். ஏழெட்டுத் தடவை தட்டிய பிறகு கதவு திறந்தது. அக்காவின் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

“இன்னைக்குக் காத்தே அடிக்கலையா, கண்ணு?”

“நல்ல காத்துக்கா. காலையிலேருந்து நிக்காம சுத்துது.”

அக்கா தலைக்கு மேலே பார்த்தார். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தார். காலுக்கு ஒரு விதமான செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.