ஆலாக்கள் எழும்பாத திட்டு

படகு மணலில் முட்டி நின்றபோதும் ஒரு பறவைகூட எழும்பவில்லை.

மற்ற நாட்களில் பிரகதீஸ்வரி கால் வைத்ததுமே நூற்றுக்கணக்கான ஆலாக்கள் கத்திக்கொண்டு கிளம்பும், தலையில் கொத்த வரும். அதற்காகவே துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு வருவாள். மணமேல்குடிக் கரையிலிருந்து அரை மணி நேரப் படகுத் தூரத்தில் கிடந்த அந்தத் திட்டில், வெறும் மணலில் முட்டையிடும் அந்தக் கடல் பறவைகளுக்கு மூன்று வருடமாக அவள்தான் காவல். இன்று சாயங்கால வெயிலில் அலை கரையை நக்கும் சத்தமும், காய்ந்த பாசி வீச்சத்தோடு கலந்து வந்த ஒரு மூத்திர நெடியும்தான் இருந்தன.

படகோட்டி சேவுகன், வலையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

பறவைகள் இல்லாமல் இல்லை. குழிக்குக் குழி உட்கார்ந்திருந்தன. நெருங்கியும் அசையாத ஒன்றை மெல்லத் தொட்டாள். சாய்ந்தது. அதற்கு வயிறு இல்லை. அடியில் முட்டை ஓடு மட்டும். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

ஈர மணலில் பொடிப் பொடிக் கால்தடங்கள். எல்லாம் தென்கோடிக்குப் போயின. கார்த்திகைப் புயலில் தரைதட்டிய பழைய சரக்குத் தோணி அங்கே கிடந்தது. அதை அப்புறப்படுத்தச் சொல்லி நாலு தடவை வனத்துறை ஆபீஸில் மனுக் கொடுத்திருந்தாள். இப்போது அதன் பலகைகளுக்குள் ஏதோ சுரண்டியது. காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றல்ல. தோணி முழுக்கச் சுரண்டியது.

எலி. தோணியோடு வந்து இறங்கியவை. தரையில் ஊர்ந்து வரும் எதிரியை அறியாத ஆலாக்கள் முட்டைகளை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே செத்திருந்தன.

வடக்கு முனையில் ஒரு கத்தல் கேட்டது. ஓடினாள். பத்துப் பதினைந்து ஆலாக்கள் அங்கே உயிரோடு இருந்தன, குஞ்சுகளோடு. அந்த முனையைத் திட்டோடு சேர்ப்பது ஓர் ஆள் அகல மணல்பாதைதான். கடல் ஏறினால் அது மூழ்கிவிடும்.

சேவுகன் திரும்பியபோது பொழுது அடங்கியிருந்தது. தோணிப் பக்கம் தரையே நகர்வதைப் பார்த்தவர் படகைவிட்டு இறங்கவில்லை.

“ஏறு தாயி. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிக்கலாம்.”

“நாளைக்கு இங்கிட்டு என்னண்ணே மிஞ்சும்? நீங்க போய் ஆளுகளக் கூட்டியாங்க. தண்ணி ஏறுற வரைக்கும் நான் நிக்கிறேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அவரிடமிருந்து துடுப்பையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு மணல்பாதைக்கு நடந்தாள். என்ஜின் சத்தம் தேய்ந்து மறைந்தது.

முதல் எலி வந்தது. அடித்தாள். இரண்டு. ஐந்து. காலைச் சுற்றி மயிர் உரசியது. பெருவிரலில் பல் இறங்கியது. உதறினாள். மறுபடி அடித்தாள். கை மரத்தது.

“இது ஒங்க எடமில்ல,” என்றாள் இருட்டைப் பார்த்து.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு. பாதை மூழ்கியது. சுரண்டல் நின்றது. பின்னால் குஞ்சுகள் கீச்சிட்டன. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டார்ச்சைத் தண்ணீரின்மேல் ஓட்டினாள்.

மூக்குகள். சின்னச் சின்ன, நனைந்த மூக்குகள். வரிசை வரிசையாக. சத்தமில்லாமல். வெளிச்சம் எட்டிய தூரம்வரை கண்கள், அதற்கப்பால் கலங்கும் தண்ணீர்.

பிரகதீஸ்வரி காலை அகட்டி ஊன்றித் துடுப்பை ஓங்கினாள்.

முதல் மூக்கு அவள் முழங்காலைத் தொட்டது.