‘மற்றும் பலர்’ ஏழாம் இதழ்

"கைய எடுங்க... நான்தான் முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தது நீங்க. பிடிச்சது நான்."

பழைய புத்தகக் கடையின் கடைசி அலமாரி. வெளியே மழை கொட்டித் தீர்க்கிறது. ‘மற்றும் பலர்’ காமிக்ஸின் ஏழாம் இதழ், ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில்.

அந்த இழுபறியில்தான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். சண்டைக்கு வந்தவனுக்கு இவ்வளவு சாதுவான கண்களா? இமையில் ஒரு மழைத்துளி வேறு... ஐயோ!

"கிழிச்சிடாதீங்கப்பா!" என்று கடைக்கார அண்ணன் கத்தினார். "மழை விடற வரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து படிங்க."

இருந்தது ஒரே பெஞ்சு. அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பெரிய ஹீரோ பறந்து வந்து ஊரைக் காப்பாத்துவாரு. பின்னாடி நாலு பேரு நிப்பாங்களே... அவங்களுக்குன்னே ஒரு கதைங்க இது! ஒருத்திக்கு மழையில நனையாம நிக்கத் தெரியும், அவ்வளவுதான் சக்தி. ஒருத்தர் தொட்டா எந்தப் பூட்டும் திறக்கும், அவர் வீட்டுப் பூட்டைத் தவிர!"

அவள் சிரித்துவிட்டாள்.

"ஆனா எனக்கு உயிரு மௌனிதான். ஆறு இதழா வாயே திறக்கல. ஏழாவதுல பாலம் இடியுது, எல்லாரும் பதறுறாங்க. அப்ப சொல்றான் பாருங்க... ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’னு! லிஃப்ட்ல மாட்டினவங்க உள்ளேருந்து அலறுவாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியாது, மரம் மாதிரி நிப்பேன். இதைப் படிச்சப்புறம் கதவுகிட்ட போய் இதையேதான் சொல்றேன். அழுகை நின்னுடுதுங்க! என் புக்கை அக்கா பொண்ணு வாளித் தண்ணில போட்டுட்டா, அதான் அலையறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் அந்தக் காமிக்ஸின் வசனப் பலூன்களில் எழுத்தைப் பதிப்பவளே அவள்தான். அந்த வசனம் மௌனியுடையது அல்ல, அவன் குழுவின் தலைவருடையது. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் பேசுபவரைக் காட்டும் பலூனின் வாலை அவள் மௌனியின் வாய்ப்பக்கம் திருப்பிவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? இப்போது எல்லா இதழ்களும் ஒரே புத்தகமாக வரப்போகின்றன. "அந்த வாலைத் திருத்து. இன்னொரு பிழை வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லித்தான், அலுவலகத்தில் பிரதி இல்லாத அந்த இதழைத் தேடி வந்திருந்தாள்.

சொல்லிவிடலாமா...? வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

இதழை அவனே எடுத்துக்கொண்டான். சனிக்கிழமைதோறும் அதே கடைக்குக் கொண்டு வருவதாகப் பேச்சு. மூன்று சனிக்கிழமை, மூன்று மழை... மூன்றாவது சனியன்று, திங்களன்று திருத்தம் போயாக வேண்டுமே என்ற பயத்தில் சொல்லிவிட்டாள்.

"அப்ப... அது பிழையா?"

"ம்..."

"நான் உளர்றதைக் கேட்டு மூணு வாரமா உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"ஐயோ, இல்லைங்க..."

இதழை அவள் மடியில் வைத்துவிட்டு மழையிலேயே நடந்துவிட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை. ஒரு வால், இரண்டு நிமிட வேலை. கை ஓடவில்லை. எழுந்து போய் ஆசிரியர் முன்னால் நின்றாள்.

"அக்கா, அதை நான் திருத்தப் போறதில்ல."

"தப்பும் பண்ணிட்டு வீம்பு வேறயா?"

"தப்புதான்க்கா. ஆனா தலைவர் சொன்னா அது வெறும் வசனம். வாயே திறக்காதவன் சொல்றப்ப ஒருத்தருக்குத் தைரியம் வந்திருக்கு. வேற ஆளைப் பார்க்கணும்னா பார்த்துக்குங்க."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு கதாசிரியருக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தனக்கு இது தோணலையேன்னு பொருமறாரு மனுஷன். இருக்கட்டுமாம். போடி... இனிமேலாவது வாலைப் பார்த்துப் போடு."

அவன் இந்த வாரம் வங்கிக் கட்டடத்தில் வேலை என்று சொல்லியிருந்தான். ஐந்து மாடி ஏறியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. திறந்த கதவுக்குள் தலையை விட்டிருந்தவன் திரும்பாமலேயே, "லிஃப்ட் ஓடாதுங்க" என்றான்.

"தெரியும். வால் அப்படியேதான் இருக்கப்போகுது. மாத்த மாட்டேன்னு சண்டை போட்டேன்."

சட்டென்று திரும்பினான். "வேலை...?"

"இருக்கு. போனாலும் போகட்டும்னுதான் போட்டேன்."

"எதுக்குங்க? ஒரு கிறுக்கன் ஏதோ உளறினான்னா?"

"நான் சிரிக்கல. நீங்க பேசப் பேச, இந்த மழை விட்டுடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த வால் கை தவறிப் போட்டது. இது தெரிஞ்சே சொல்றது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஸ்பானர் கீழே விழுந்தது. அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"எனக்கும்தாங்க... அன்னைக்குக் கோபமா போனேனே, ரெண்டாவது தெருவுலேயே இறங்கிடுச்சு. திரும்பி வர வெட்கமாயிருந்தது. காலையிலேருந்து ஒரு வயரை மூணு தடவை மாத்திட்டேன், மனசு எங்க இங்க இருக்கு?"

"அப்ப ஒழுங்கா மாட்டுங்க. என்னால மறுபடி படியிறங்க முடியாது."

"ரெண்டு மணி நேரம் ஆகுமே..."

"ஆகட்டுமே!" என்று சொல்லிவிட்டு, படியில் அவன் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.