கழுவிக் கொல்லப்பட்ட நம்பர் பிளேட்

"வண்டி செத்துப்போனா அதோட நம்பர் எங்கம்மா போவும்?"

ஆறு வயதில் இளவரசி கேட்ட கேள்வி. அம்மா அடுப்பிடம் ஓடினாள். தோசை கருகிக்கொண்டிருந்தது.

இன்று இளவரசி சிதம்பரத்தில் சப்-இன்ஸ்பெக்டர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. செல்போன் அலறியது.

"மேடம்! எங்க வூட்டு பூஜை ரூம்ல... கொலை!"

ஜீப் பறந்தது.

கதவைத் திறந்தவர் ஸ்ரீதர். பழைய வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளைச் சேகரிப்பவர். சுவர் முழுக்க பிளேட்டுகள். வாசலில் நின்ற அவருடைய காருக்கு மட்டும் பின்பக்கம் பிளேட் இல்லை!

"பாடி எங்க சார்?"

பூஜை அலமாரியைக் காட்டினார்.

முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே... பளபளவென்று ஒரு தகரம்! சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி.

"வெள்ளைக்காரன் காலத்து, முப்பத்தொண்ணாம் வருஷத்து பிளேட்டு மேடம்! மூணு லட்சம்! நேத்து வரைக்கும் துருவோட லட்சணமா இருந்துச்சு. யாரோ கழுவிட்டாங்க!"

"கழுவுனா நல்லதுதானே?"

"ஐயோ... அந்தத் துருவுக்குத்தான் மேடம் காசே!"

ஓரமாக நின்ற ராஜ்கமல் கனைத்தார். பழம்பொருள் மதிப்பீட்டாளர். அந்த பிளேட்டை ஸ்ரீதருக்கு விற்றவரும் அவரே.

"இப்ப எடைக்குப் போட்டா இருபது ரூபா தேறும். கழுவுனவங்க மூணு லட்சத்தையும் கட்டணும். இல்லேன்னா உள்ள தள்ளுங்க மேடம்."

தரையில் உட்கார்ந்திருந்த ஆண்டி எழுந்தார். கடலூரில் சாக்கடைக் குழி தோண்டுபவர். தேவனாம்பட்டினம் ரோட்டில் பிளேட்டைத் தோண்டியெடுத்தவர். அதற்கு சாட்சிக் கையெழுத்துப் போட, ராஜ்கமல் அவரைக் காலையில்தான் அழைத்து வந்திருந்தார்.

"நான்தாங்கம்மா கழுவுனேன். அழுக்கா இருந்துது."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. வீட்டு வேலை செய்யும் பவானி!

இளவரசி பார்த்தாள். ஆண்டியின் நகத்தில் சேறு. பவானியின் நகத்தில் புளி. அலமாரியில் விளக்கு, மணி, தாம்பாளம் எல்லாம் ஒரே பளபளப்பு.

வெள்ளிக்கிழமை! சாமியோடு உட்கார்ந்தது எதுவும் புளிக்குத் தப்பவில்லை.

ஆண்டியின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் பொய் சொல்றீங்க?"

"என்னை உள்ள வெச்சா ரெண்டு நாளு சோறு கெடைக்கும். அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும்மா..."

இளவரசி நிமிர்ந்தாள்.

"ஸ்ரீதர் சார், இதை ஏன் பூஜை அலமாரியில வெச்சீங்க?"

"ராசி வரும்னு..."

வந்துவிட்டது.

"அந்தக் கருமத்த இப்டி குடுங்க. நானே எடைக்குப் போட்டுர்றேன்." ராஜ்கமல் கை நீட்டினார். அவசரமாக. ரொம்ப அவசரமாக!

இளவரசி முந்திக்கொண்டு பிளேட்டைத் திருப்பினாள்.

தேய்த்தவள் பின்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கறுப்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் ஓர் எண்ணெய் டின்னின் எழுத்துகள். 'தீபம் ஏற்ற மட்டும்.' அதன் கீழே...

பார்கோடு!

"முப்பத்தொண்ணுல ஏது சார் பார்கோடு?"

"அது... வெள்ளைக்காரன் ரொம்ப அட்வான்ஸு மேடம்..."

"ஆண்டி, அந்த எடத்துல தோண்டச் சொன்னது யாரு?"

"இவருதாங்க! சுண்ணாம்புல கோடு போட்டு, இங்க மட்டும் தோண்டுன்னாரு!"

ராஜ்கமல் ஜீப்பில் ஏற்றப்பட்டார்.

ஸ்ரீதர் சுவரைப் பார்த்தார். ராஜ்கமலிடம் வாங்கிய இன்னும் நாற்பது பிளேட்டுகள்!

"பவானி..." ஒரு பிளேட்டைக் கழற்றினார். "புளி மிச்சம் இருக்குதாம்மா?"

கழுவியது யார் என்று ரிப்போர்ட்டில் இளவரசி எழுதவில்லை. நல்ல காரியத்துக்கு எஃப்.ஐ.ஆர். எதற்கு?

மறுநாள் மதியம். தேவனாம்பட்டினம் ரோடு. குழியிலிருந்து ஏறி வந்த ஆண்டி, கரையில் வைத்திருந்த துண்டை எடுத்தார்.

அடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம், கட்டிய நூலில் புளிக்கறை. சூடு ஆறாத எலுமிச்சை சாதம், இரண்டு வடை.

நிமிர்ந்து பார்த்தார். ரோட்டில் ஆளில்லை. தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ மட்டும் திருப்பத்தில் மறைந்தது.

பார்த்த ஒரே சாட்சி, மின்கம்பத்துக் காகம். அதற்கும் இரண்டு பருக்கை லஞ்சம் கொடுத்து வாயை அடைத்தாயிற்று!