வழியனுப்பாத ஒப்பாரி

"நான் தொடவே இல்லைங்கேன், நீ என்னடான்னா..."

"அப்ப எங்கம்ம பேரு அதுக்குள்ள எப்படி வந்துச்சு அண்ணாச்சி? நான் புள்ளிதான வச்சிருந்தேன்..."

"பேசவிடும்மா! நீ கொண்டாந்த பைலைப் பிடிஎஃப் ஆக்கினேன், அவ்வளவுதான். ஒங்கம்ம பேரு கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியுமா?"

சுடலைராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் அவருடைய பிரவுசிங் சென்டர். சித்திரை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி அவர் விட்ட நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

ஒப்பாரிப் பாடல்களைப் பற்றிய அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு அது. சாயங்காலத்துக்குள் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றாவிட்டால் பதிவே ரத்து. கேட்ட நீட்டிப்பெல்லாம் கேட்டு முடிந்தது. பட்டம் இல்லையென்றால் கல்லூரி வேலை இல்லை. வேலை இல்லையென்றால், வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்கு மருந்து இல்லை.

திரையில், இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் வைத்த புள்ளிகளைக் காணோம். 'வெள்ளைத்தாய்' என்று அம்மாவின் பெயர் இருந்தது. அழித்தாள். புள்ளி வைத்தாள். மறுபடி பிடிஎஃப் ஆக்கித் திறந்தால், வெள்ளைத்தாய்.

செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள்.

"யம்மா, எப்படி இருக்க?"

"என்னமோ போ. மத்தியானத்துலருந்து யாரோ எம் பேரைச் சொல்லி அழுதாவ ஏட்டி. காதே அடைக்கி. பக்கத்து வீட்டுல கேட்டா ஒண்ணுமில்லங்காவ."

அப்போதுதான் அவளுக்குச் சொர்ணத்தாயின் குரல் ஞாபகம் வந்தது. ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம், பருத்தி எடுத்து முடிந்த ஒரு காட்டில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடிக் கொடுத்தவள். சாவில்லாத இடத்தில் சும்மா பாடமாட்டேன் என்று அடம்பிடித்தவள். என்றைக்கோ செத்துப்போன தன் மாமியார் பெயரை உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "பேரில்லாத ஒப்பாரி சும்மா கெடக்காது தாயி, ஆளத் தேடும். செத்தவுக பேரைக் குடுத்துரணும்" என்றாள். பாடி முடித்ததும் வேறு ஏதோ சொன்னாள். அந்தக் கூப்பாடு, அந்தக் கடைசிச் சொல், இரண்டையும் பாட்டுக்கு வெளியே இருப்பவை என்று வழிகாட்டிப் பேராசிரியர் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டாள்.

செத்தவர் பெயர். அவளுக்குச் சட்டென்று வந்தது ஒரே பெயர்தான்.

'கடற்கரை' என்று அடித்தாள். அவளைப் பெற்ற அய்யா.

பிடிஎஃப் ஆக்கித் திறந்தாள். கடற்கரை என்றே இருந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார் சுடலைராஜ். "சீக்கிரம் ஏத்து, கரண்டு போனா யுபிஎஸ் தாங்காது."

ஏற்றும் பொத்தானை அமுக்கினாள். திரையில் பச்சைக்கோடு எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. மின்விசிறி தடதடத்த சத்தத்துக்கும், கீழே கயத்தாறு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டரின் விசிலுக்கும் நடுவே, முதலில் ஒரு வாசனைதான் வந்தது. ஐப்பசி அடைமழையில் நனைந்து, காலை வைத்தால் உள்ளே இழுக்கும் கரிசலின் வாசனை. ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. பிறகு மேசைக்கு அடியில் ஒரு சத்தம்.

சரக். சரக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். மழைக்காலத்தில் காட்டிலிருந்து வரும் அய்யா, வாசற்படியில் நின்று, அரிவாளின் முதுகால் காலில் அப்பிய கரிசலைச் சுரண்டுவார். சுரண்டி முடிக்காமல் உள்ளே வரமாட்டார். முடித்த பிறகு வெளியே நிற்கவும் மாட்டார்.

குனிந்து பார்த்தாள். வயர்கள். தூசி. வேறொன்றுமில்லை.

"அண்ணாச்சி, சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

பச்சைக்கோடு முடிந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டது, இனி அதில் மாற்றம் செய்ய இயலாது என்று எழுத்துகள் வந்தன. மேசைக்கு அடியில் சத்தம் நின்றது. வாசனையும் போயிற்று. அவள் மூச்சு விட்டாள்.

பையை எடுக்கக் கை நீட்டியபோதுதான் உறைத்தது.

வெட்டிய கடைசிச் சொல். காட்டில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொர்ணத்தாய் மாமியாரிடம் சொன்னது. 'போயிரும். திரும்பிப் பாராதேயும்.' நாம கூப்பிட்டவுகளை நாமளே அனுப்பிவைக்கணும் தாயி என்றாளே. அந்த வரி ஆய்வேட்டில் இல்லை. இனிச் சேர்க்க முடியாது.

கரண்டு போயிற்று. யுபிஎஸ் கத்தியது. செல்போன் அடித்தது.

வீடு.

"ஏட்டி காளீஸ்வரி!" அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. இளைப்பே இல்லை. எழுந்து நடக்கும் காலடி போனில் கேட்டது. "காது அடைப்பு விட்டுப்போச்சு. நீ எங்கன இருக்க?"

"யம்மா... நீ ஏன் எந்திச்ச?"

அம்மாவின் குரலுக்குப் பின்னால். வீட்டு வாசற்படியில்.

சரக். சரக்.

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். போயிரும் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயெல்லாம் கரிசல் மண் ருசி.

சரக்.

நின்றது.

"ஒங்கய்யா வந்துருக்காவ ஏட்டி. மண்ணைச் சுரண்டி முடிச்சிட்டாவ. கதவைத் தொறக்கட்டா?"