ஆமாம் என்றால் ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எது முதலில் நடந்தது என்று சிவசங்கரால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையிலிருந்த கருவி கீச்சிட ஆரம்பித்த பிறகு உள்ளறையில் அப்பாவின் தொண்டையிலிருந்து சத்தம் வந்ததா, இல்லை அப்பா ஆரம்பித்து, கருவி பின்னால் சேர்ந்துகொண்டதா. நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வரிசை மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன என்பது மட்டும் நிச்சயம். பக்கவாதம் வந்து படுத்த இரண்டு வருஷத்தில் அப்பா அழகிரி ஒரு சத்தமும் எழுப்பியதில்லை.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அந்த வாடகை வீட்டின் ஜன்னல்களை வெயிலுக்காகச் சாத்தி வைத்திருந்தார்கள். கூடத்தின் அரையிருட்டில் மின்விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து நீர்ப் படுக்கையின் ரப்பர் வாடையும், முதுகில் தடவிய தேங்காய் எண்ணெயும், மூக்குக் குழாயில் இறக்கும் கஞ்சியின் லேசான புளிப்பும் ஒன்றாக வந்தன. மகாலட்சுமி மாமனாருக்கு மூன்று மணிக் கஞ்சியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது, எலி மாட்டிக்கிட்ட மாதிரி?" என்றாள் உள்ளிருந்து.

"கேசட் சத்தம். பூவரசன் கேம்."

"மாமா ஒரு மாதிரி பண்றாரு. கொஞ்சம் கொறைங்க."

குறைத்தான். கருவியின் சத்தம் அடங்கியது. மற்றது அடங்கவில்லை.

கேசட் கிடைத்தது போன மாதம். மண்ணச்சநல்லூரில் அப்பா பாய்லர் மேஸ்திரியாக இருந்த அரிசி மில்லின் குடியிருப்பை இடிக்கப் போவதாகத் தகவல் வந்து, மிச்சமிருந்த சாமான்களை எடுக்கப் போனபோது, பரணில் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு சேலை மடிப்பில் இருந்தது. மேலே அண்ணன் பூவரசனின் சாய்ந்த கையெழுத்து. அந்த நாளில் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமா ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். டிவியில் செருக வேண்டும், புரோகிராமைச் சாதாரண கேசட்டில் பதிந்து வைத்து, தேவைப்படும்போது ஓடவிட்டு ஏற்ற வேண்டும். பதினாறு வயதில் பூவரசன் அதில் சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதினான். அந்த வருஷமே செத்தும் போனான். மில்லில் நெல் ஊறவைக்கும் கொதிநீர்த் தொட்டியில் கால் தவறி விழுந்தான் என்று எழுதிப் போலீசார் வழக்கை மூடினார்கள். அப்போது சிவசங்கருக்குப் பத்து வயது.

தில்லை நகரில் சிவசங்கர் பல் கட்டும் லேப்பில் வேலை பார்க்கிறான். அதே மாடிப்படிக்குக் கீழே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் நஸ்ருல்லா. அவர்தான் கேசட்டை லேப்டாப்பில் ஓடவிட்டுப் பதிவு செய்து கொடுத்தார்.

"பல்லு டாக்டரே, இதுல பாட்டு இல்ல. யாரோ தகரத்தச் சொரண்டுறாங்க."

"நான் டாக்டர் இல்ல பாய். பல்லு செய்றவன்."

"எல்லாம் ஒண்ணுதான். அவரு புடுங்குவாரு, நீங்க மாட்டுவீங்க."

உள்ளங்கை அளவில் ஒரு பழைய கேம் கருவியை எடுத்து வைத்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை அதில் போட்டிருந்தார். "அந்த மெஷின்ல நாப்பது கீ. இதுல பத்து பட்டன்தான். எந்தப் பட்டன் எந்த கீன்னு நீங்களே மெனுல போய் மாத்திக்கலாம். மேல இடது பட்டன மட்டும் தொடாதீங்க, அது ரீவைண்டு. அமுக்குனா நடந்ததெல்லாம் கொஞ்சம் பின்னாடி போயிரும். தப்பா ஆடிட்டா திரும்ப ஆடலாம்." பிறகு சிரித்தார். "நமக்கெல்லாம் அப்படி ஒரு பட்டன் இல்ல."

விளையாட்டு எளிமையானது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான் பூவரசன். *ஒரு ஆளை நினைத்துக்கொள். நான் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கிறேன். ஆமாம் என்றால் 1. இல்லை என்றால் 0.* கடையில் சிவசங்கர் அப்பாவை நினைத்தான். ஆணா? மில்லில் வேலையா? அடிப்பாரா? மூன்றுக்கும் ஒன்று. *அப்பா* என்று சரியாகச் சொன்னது.

"அடிப்பாராமில்ல," என்றார் நஸ்ருல்லா.

சிவசங்கர் கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

பூஜ்யத்துக்கு வைத்திருந்த பட்டன் ஒட்டிக்கொண்டு எழாமல் தொந்தரவு செய்தது. வீட்டுக்கு வந்து மெனுவில் அதை வேறு பட்டனுக்கு மாற்றினான். மேலே, இடது பக்கம். நஸ்ருல்லா சொன்னது அப்போது அவன் ஞாபகத்தில் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் கேசட் ஏறும்போது திரையின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடி நின்றன. மறுபடியும் அப்பாவையே நினைத்தான். ஆணா? ஒன்று. மில்லில் வேலையா? ஒன்று. அடிப்பாரா? ஒன்று.

*இப்போது படுத்திருக்கிறாரா?*

கடையில் இந்தக் கேள்வி வரவில்லை. வேறு கிளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் எழுதியதில் என்னென்ன கிளை இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஒன்றை அழுத்தினான்.

உள்ளறையில் ஈரமான ஒரு சத்தம் கேட்டது. துவைக்கிற கல்லில் துணியை ஓங்கி அறைவது போல.

"மகா?"

மின்விசிறி சுற்றியது. எண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மெதுவாக மேலே வந்தது, அவித்த நெல்லின் கனத்த இனிப்பு வாடை, மில்லை விட்டு வந்த பிறகு அவன் மூக்கு அறியாத வாடை.

*நீ பார்த்தாயா?*

போலீஸ்காரர் இதையேதான் கேட்டார். குனிந்து, தோளில் கை போட்டு, 'நீ பார்த்தியா தம்பி?' அப்பா அவருக்குப் பின்னால் நின்று மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். இல்லைங்க என்று சொன்னான் சிவசங்கர்.

இப்போதும் பூஜ்யத்தைத்தான் அழுத்தினான்.

திரை நடுங்கி, எழுத்துகள் தம்மைத் தாமே விழுங்கிக்கொண்டு பின்னால் போயின. *இப்போது படுத்திருக்கிறாரா* என்பது வந்து, தானாகவே ஒன்றை வாங்கிக்கொண்டு நகர்ந்தது. உள்ளறையில் அதே அடி. அதே இடத்தில் அதே ஈரம்.

*நீ பார்த்தாயா?*

"என்னங்க," என்றாள் மகாலட்சுமி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இங்க வாங்க."

கருவியோடு போனான். அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள், கஞ்சிக் கிண்ணம் காலடியில் கவிழ்ந்திருந்தது. அழகிரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டையில்லாத முதுகில் குறுக்காக ஒரு தடம், நான்கு விரல் அகலம், விளிம்புகளில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. மில் இயந்திரத்தின் தோல் பெல்ட்டை அறுத்து வைத்திருந்தார் அப்பா. அதன் அகலம் சிவசங்கருக்குத் தெரியும்.

"யாரும் அடிக்கல," என்றாள். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தானா வந்துச்சு."

பூஜ்யம். தடம் மூடியது. ரத்தம் உள்ளே போனது. கிழவரின் முதுகு சுத்தமாக ஒரு கணம் மின்னியது. பிறகு காற்று விசிறும் ஓசை. அடி. தோல் வெடித்தது. மகாலட்சுமியின் கன்னத்தில் சூடாக ஒரு துளி தெறித்தது.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. அவை அவனையே பார்த்தன.

"அதக் கீழ வைங்க."

கருவியை அணைத்தான். கருப்புத் திரையில் அவன் முகம் தெரிந்தது. அடி நிற்கவில்லை. அணைத்திருந்த வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது, தோளில், விலாவில், காதில். ஏதோ ஒரு எலும்பு ஈரமாக முறிந்தது. பதறிப்போய்த் திரும்பப் போட்டான். அதே கேள்வி வந்து நின்றது. நஸ்ருல்லா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்து, ரீவைண்டை அமுக்கிப் பிடித்தான். விலா பொருந்தியது. காது ஒட்டியது. முதல் அடி மட்டும் மறுபடி விழுந்தது.

மெனுவுக்குப் போய்ப் பூஜ்யத்தை வேறு பட்டனுக்கு மாற்றி அழுத்தினான். திரை சொன்னது: *பொய்.* அழகிரியின் தாடை பக்கவாட்டில் திரும்பி நின்றது. மறுபடி பின்னால் போனான்.

ஒன்றை அழுத்தினால் என்ன. பார்த்தது நிஜந்தானே.

அழுத்தினான்.

அடி நின்றது. அப்பாவின் மூச்சு சீறி, தணிந்தது. முதுகில் தடம் இல்லை. மகாலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் புடவையில் துடைத்தாள்.

திரையில் புதிய வரி.

*ஒளிந்திருந்த இடத்தைக் காட்டியது நீயா?*

அன்று மில்லில், தொட்டிக்குப் பின்னால் உமி மூட்டைகளின் இடுக்கில் குந்தியிருந்த பூவரசன் வாயில் விரல் வைத்துக் காட்டினான், சொல்லாதே என்று. அப்பா பெல்ட்டோடு வந்து, 'எங்கடா அவன்?' என்றார். சிவசங்கர் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி, சுட்டுவிரலால் காட்டினான். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெல்ட். தொட்டியின் விளிம்பு. அப்பா இரண்டு கையாலும் ஒரு தள்ளு. அண்ணன் ஒரு தடவை மேலே வந்தான். முகத்தில் தோல் இல்லாமல் வந்தான்.

சிவசங்கரின் கட்டைவிரல் ஒன்றை அழுத்திவிட்டது. அவன் அழுத்தினானா, தானாக அழுந்தியதா, தெரியவில்லை.

*கண்டுபிடித்துவிட்டேன். நீ நினைத்தது அப்பா இல்லை. தம்பி. சரியா?*

வலது சுட்டுவிரல் நுனியில் சூடு. முதலில் வெதுவெதுப்பு. பிறகு கொதி. நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உப்பியது. ஒரு கையுறையைக் கழற்றுவது போல் விரலின் தோல் சுருண்டு இறங்கியது. உள்ளே சிவப்பு. சூடு மணிக்கட்டை நோக்கி ஏறியது.

ரீவைண்டு.

தோல் ஏறி ஒட்டிக்கொண்டது. விரல் முழுசாக இருந்தது. திரையில் *நீ பார்த்தாயா.* படுக்கையில் அடி விழுந்தது. அப்பாவின் முதுகு பிளந்தது.

மகாலட்சுமி அவன் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"எதுக்கு பின்னாடி போறீங்க?"

அவன் பட்டனை மறுபடி அமுக்கினான்.

"ஒண்ணு அமுக்குங்க. நீங்க பாத்தா பாத்தேன்னு அமுக்குங்க. மாமா உசுரு போகுது."

"அடுத்த கேள்வி இருக்கு மகா."

"இருக்கட்டுமே. இடத்தக் காட்டுனீங்களான்னு கேட்டுச்சு, நானும் படிச்சேன். நீங்க காட்டலன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல."

அடி விழுந்தது. பின்னால் போனது. விழுந்தது.

"சொல்லுங்க," என்றாள். "காட்டலதான?"

அவன் கட்டைவிரல் இடது பட்டனை விட்டு எழவில்லை. அவள் பிடுங்க வந்தபோது முழங்கையால் தள்ளினான். கட்டில் விளிம்பில் அவள் நெற்றி மோதியது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. அது மட்டும் பின்னால் போகவில்லை.

ஆம்புலன்ஸை அவள்தான் அழைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்த நேரம் சிவசங்கர் பட்டனை விடாமல் பிடித்திருந்தான். கிழவரின் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மகாலட்சுமியின் நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, குடும்பச் சண்டையை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் பட்டனை ஓயாமல் பிடித்தாலும் அடி ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் தீர்ந்துபோய், தானாகவே முன்னால் நகர்கிறது.

மகாலட்சுமி அன்று மாலையே மன்னார்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வழியில் ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு நான்கு தையல் போட்டார்கள். திரும்பி வரவில்லை. நஸ்ருல்லா ஒருமுறை தேடி வந்தார். வாசலில் நின்று உள்ளே கேட்ட சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். லேப்பில் சிவசங்கரின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். சிவசங்கர் உள்ளறைத் தரையில் சார்ஜர் ஒயரோடு கருவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். பத்து விரல்களும் நன்றாக இருக்கின்றன. அழகிரி அவனைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். அவர் முதுகு மூடுகிறது, திறக்கிறது. இன்றோடு பதினேழு நாள். அவர் சாகவில்லை.