கேட்காமல் குடித்த கஞ்சி

கஞ்சியில் பாலை ஊற்றுவதற்கு முன்னால் தெய்வாத்தாள் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மருமகள் கீதா தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆறாவது மாதம். பின்னலைப் பாதியில் விட்டு, வயிற்றின் மேல் கை வைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்திருக்க வேண்டும்.

சமையலறை வாசலில் நின்ற பாலுசாமி, ஊற்று என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

ராகிக் கஞ்சியில் தேங்காய்ப் பால் ஏற்கெனவே இருந்தது. அதோடு ஒரு டம்ளர் பசும்பாலும் சேர்ந்தது. வெள்ளையோடு வெள்ளை. கருப்பட்டி மணத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க கை கஞ்சின்னா மட்டுந்தானுங்க அத்தை வயித்துல நிக்குது," என்று சொல்லி வாங்கிக் குடித்தாள் கீதா.

"குடி கண்ணு," என்றாள் தெய்வாத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

கோயமுத்தூர் கணபதியில் பாலுசாமிக்கு லேத் பட்டறை. ஒரே மகன் கிருபாசங்கருக்குத் தொண்ணூற்றைந்தில் தொண்டாமுத்தூரிலிருந்து கீதாவைக் கட்டிவைத்தார்கள். கறி, முட்டை சாப்பிடாத பெண்கள் அந்தச் சொந்தத்தில் உண்டு. பால், தயிர், நெய், தேன் எதையும் வாயில் வைக்காதவளை யாரும் கண்டதில்லை. அதற்கு ஒரு பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. பட்டுப்பூச்சியைக் கொல்ல வேண்டாம் என்று நூல் சேலையில்தான் தாலி கட்டிக்கொண்டாள். பாலுசாமியின் பங்காளிகள் பந்தியிலேயே பேசிச் சிரித்தார்கள். அன்று குனிந்த தலையை அவர் இன்னும் நிமிர்த்தவில்லை.

தெய்வாத்தாளுக்கு மருமகளைப் பிடித்துப்போனது. காலையில் பால் விடாத வரக்காப்பி, மத்தியானம் நெய் இல்லாத அரிசிம்பருப்புச் சோறு. இவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு. அடுத்தவர் தட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். மாமனாருக்குத் தயிரை அவளே கடைந்து மோராக்கி வைப்பாள்.

பிள்ளை உண்டானதும்தான் வீட்டின் போக்கு மாறியது. டாக்டரம்மா எல்லாம் கேட்டு, பருப்பும் கீரையும் எள்ளும் சாப்பிடச் சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார். பாலுசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"பாலு குடிக்காத உடம்புல புள்ளை எப்படி நிக்கும்? உனக்கு மறந்துபோச்சா?" என்றார்.

மறக்கவில்லை. தெய்வாத்தாளின் தலைப்பிள்ளை பிறந்து அழாமலே போனது. பால் குடிக்காமல், சத்தாகத் தின்னாமல் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று இதே வீட்டில் ஒரு வருஷம் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவள் பால் சொம்பை எடுத்தாள். பக்கத்து வீட்டில் மாடு வைத்திருந்த பங்காரம்மாவிடம் தினமும் அரை லிட்டர் கூடுதலாக வாங்கினாள். எதற்கு என்று அவள் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கீதா தானாகச் சொன்னாள்.

"எங்க ஊட்டுல ஒரு மாடு இருந்துச்சுங்க அத்தை. கன்னு செத்துப்போச்சு. அதோட தோலை உரிச்சு, வைக்கோலைத் திணிச்சு, மாட்டு முன்னால காட்டிப் பால் கறந்தாங்க. அந்த வைக்கோல் கன்னைப் பிடிச்சுக்கறது எனக்கு வேலை. மாடு நக்கிக்கிட்டே இருக்கும்... பாலு இறங்கும். ஒரு நாள் நக்கி நக்கித் தையல் பிரிஞ்சு வைக்கோல் வெளிய வந்துச்சு. பசில அந்த வைக்கோலையே இழுத்துத் தின்னுபோட்டுதுங்க. அன்னிக்குக் குடிக்க எடுத்த பாலைக் கீழ வெச்சேன். அதோட சரி."

தெய்வாத்தாளின் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. நாளையிலிருந்து ஊற்றக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலக் கஞ்சியிலேயே ஊற்றினாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அன்றைக்கே தாய் வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. வளையல் போட வந்த ஒரு சொந்தக்காரி கீதாவின் கன்னத்தைப் பிடித்து, "மூஞ்சி வத்திக் கிடக்குது... பாலு இல்லாத புள்ளை எப்படிப் பொறக்கப்போவுதோ," என்றாள். இன்னொருத்தியும் அதையே பிடித்துக்கொண்டாள். கீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பங்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் ஒரு குறையும் வராதுங்க. மூணு மாசமா என்ற மாட்டுப் பாலுதான் அந்த வயித்துல போவுது. தெய்வாத்தா கஞ்சில கலந்து குடுக்கறா," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

கீதா மாமியாரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. தெய்வாத்தாள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கிருபாசங்கர் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "யாரு சொல்லிம்மா செஞ்சீங்க? சொல்லுங்க."

வாசலுக்கு அந்தப்புறம் பாலுசாமி துண்டின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பனும் மகனும் ஒரே பட்டறையில் நாள் முழுக்க நிற்பவர்கள். அவர்களுக்குள் பேச்சு அறுந்தால் குடும்பம் அறுந்துபோகும்.

"யாரும் சொல்லலை. நானாத்தான் செஞ்சுபோட்டேன்," என்றாள்.

"என்ற மூஞ்சிலயே இனி முழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார் ஏறும்போது கீதா எல்லாருக்கும் கை கூப்பினாள். மாமியாரிடம் வந்தபோது, "போறேனுங்க," என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கிருபாசங்கர் பட்டறையிலேயே படுத்தான். சோறு மெஸ்ஸில். தெய்வாத்தாள் அடுப்பு மூட்டுவாள், கணவருக்குப் போடுவாள், தனக்குப் போட்ட தட்டை மூடி வைப்பாள். பாலுசாமி ஒரு நாள் தொண்டையைச் செருமி, "புள்ளை நல்லதுக்குத்தான..." என்று தொடங்கினார்.

"நல்லதுன்னா எதுக்குங்க ஒளிச்சு ஊத்தினேன்?" என்றாள் தெய்வாத்தாள். முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மறுநாள் காலை தொண்டாமுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

கீதா வெளியே வந்து, "வாங்க அத்தை," என்றாள். தண்ணீர் கொடுத்தாள், தட்டு வைத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சோறு உங்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும் கண்ணு. பங்காரம்மா சொன்னது பாதிதான். வளைகாப்பு அன்னிக்குக் காலைல வரைக்கும் ஒரு வேளை விடாம ஊத்தினேன். நீ அந்தக் கன்னைப் பத்திச் சொன்னியே... அன்னிக்குச் சாயங்காலமும் ஊத்தினேன்."

கீதா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"பாலு உள்ள போனதுக்கு நான் அழுவலீங்க அத்தை. பேக்கரில ஒரு பன்னு வாங்கறதுன்னாலும் என்ன போட்டீங்கன்னு கேப்பேன். கல்யாண ஊட்டுல சமையக்காரரைக் கூப்பிட்டுக் கேப்பேன், பின்னால நின்னு சிரிப்பாங்க. கோயில்ல பஞ்சாமிர்தத்தைக் கையில வெச்சுக்கிட்டு முழிப்பேன். கேட்டுக் கேட்டு என்ற மானமே போச்சுங்க. கேக்காம நான் வாங்கிக் குடிச்சது உங்க கையில மட்டுந்தான்..."

தெய்வாத்தாள் முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். செத்த கன்றைக் காட்டி மாட்டை ஏமாற்றினார்கள். தான் செய்தது அதற்கு எந்த விதத்தில் குறைச்சல்?

"மாமா சொல்லித்தானுங்க செஞ்சீங்க?" என்று கீதா கேட்டாள். "அன்னிக்கே அவரு முகத்தைப் பாத்தேன்."

"சொன்னது யாரா இருந்தா என்ன? பயந்தது நான். ஊத்தினதும் நான்." மூன்று வாரமாகச் சேர்ந்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. முதல் பிள்ளையின் கதையை அவள் சொல்லச் சொல்லக் கீதாவும் அழுதாள். ஆனால் அருகில் வரவில்லை.

"உங்க பயம் புரியுதுங்க. ஆனா உடனே முடியலீங்க அத்தை. கொஞ்ச நாளைக்கு என்ற சோத்தை நானே ஆக்கிக்கறேன்."

"ஆக்கிக்க கண்ணு. அடுப்படிப் பக்கம் நான் வரமாட்டேன். உன்னைப் பாக்கமட்டும் வாரேன், அது போதும்."

வீடு திரும்பியபோது கூடத்தில் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். எதிரே பாலுசாமி. இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

"அப்பா பட்டறைல வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாருங்கம்மா," என்றான். "எதுக்கும்மா அவரு பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"ஏத்துக்கலை சாமி. அதுல என்ற பங்கு இருக்குது. உங்கப்பாரு சொன்னாருன்னா நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை."

அவன் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். முழிக்காதீங்க என்று சொன்ன வாயால், "சோறு போடுங்கம்மா," என்றான். பாலுசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெய்வாத்தாள் தொண்டாமுத்தூர் போனாள். முன்கூடத்தில் உட்காருவாள். மருமகளின் வீங்கிய காலைப் பிடித்துவிடுவாள். கீதா ஆக்கிப் போட்டதை உண்டுவிட்டுக் கிளம்புவாள். சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. இது என்ன, அதில் என்ன என்று ஒரு பேச்சும் எடுத்ததில்லை. தான் கெடுத்ததைத் தானே சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவதுகூடத் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது.

மார்கழி முதல் வாரத்தில் பெண் பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். பிறந்ததும் வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தெய்வாத்தாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாலுசாமி, "நல்லா அழுவுது தெய்வா... நல்லா அழுவுது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

அறைக்குள் விட்டபோது தெய்வாத்தாள் கட்டிலிலிருந்து எட்டியே நின்றாள். கீதாவின் அம்மா துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். நர்ஸ் பிள்ளையைப் பொதிந்து கொண்டுவந்து, தொட்டிலில் விடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாமுங்க," என்றாள் கீதா. கண் சொக்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. "எங்க அத்தைகிட்டக் குடுங்க."

தெய்வாத்தாள் முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "எனக்கா கண்ணு?"

"பிடிங்க அத்தை. நீங்க வெச்சிருந்தீங்கன்னா நான் கொஞ்சம் தூங்குவேன்."

சொல்லிவிட்டுக் கீதா அந்தப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிப்போனாள். பிள்ளையை மார்போடு அணைத்தபடி, அசைந்தால் கீதா எழுந்துவிடுவாளோ என்று தெய்வாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைப்பதற்கு அவளிடம் கை இல்லை.